சபை டைரக்டரியில் நூற்று முப்பத்தேழு சொற்கள்

இல்லை, இவருக்கு ‘பாம்பஸ்’ பத்தாது. பாம்பஸ் என்றால் வெறும் பந்தா. பந்தா பண்ணுகிறவர்களுக்குத் தாங்கள் பந்தா பண்ணுவது நன்றாகத் தெரியும். இவருக்கு அதுகூடத் தெரியாது. ஊரே கண்ணை மூடி ஜெபிக்கும்போது ஒற்றைக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பார்க்கிறாரே, எவன் கண்ணைத் திறந்திருக்கிறான் என்று கணக்கெடுக்கிறாரா? இதற்கென்று தனியாக ஒரு சொல் இருக்கும். எஸ் வரிசையில் பார்க்க வேண்டும்.

ஜெரூஷா இப்படி யோசித்துக்கொண்டிருந்தது ஞாயிறு ஆராதனையில், நீண்ட ஜெபத்தின் நடுவில். தாம்பரத்தில் ரயில் சத்தம் எட்டுகிற தூரத்தில் இருந்த ஆலயம் அது. தன் கண்ணும் திறந்துதான் இருக்கிறது என்பது அவளுக்கு உறைக்கவில்லை. எல்லோரும் ஆமென் என்றபோது அவளும் ஆமென் என்றாள், கொஞ்சம் சத்தமாகவே.

ஒற்றைக் கண்ணைத் திறந்து வைத்திருந்தவர் அசரியா அங்கிள். பதினோரு வருடமாகச் சபைச் செயலாளர். ஜெபம் முடிந்ததும் மைக்கைப் பிடித்து, “அன்பின் சபையாரே” என்று ஆரம்பித்தார். அந்த ‘அன்பின்’னை அவர் இழுக்கிற இழுப்பில் ஒரு பாட்டின் பல்லவியே பாடி முடித்துவிடலாம். “சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் பாடகர் குழு ஒத்திகை. ஆறு மணி என்றால் ஆறு மணி.” பிறகு, நடக்கப்போகும் கல்யாணங்களை அறிவிக்கிற இரண்டு ஓலைகளை வாசித்தார். மணமகனே தன்னை அவ்வளவு கம்பீரமாக நினைத்திருக்க மாட்டான், அப்படி வாசித்தார்.

அன்று மத்தியானம் பிரியாணி சாப்பிட்ட கையோடு ஜெரூஷா சொல்லைக் கண்டுபிடித்துவிட்டாள். சாங்டிமோனியஸ். தன்னைப் பெரிய பரிசுத்தவானாகக் காட்டிக்கொள்கிற. சபை டைரக்டரியில் பதினேழாம் பக்கத்தைத் திருப்பி, அசரியா குடும்பத்தின் படத்துக்குக் கீழே நீல மைப் பேனாவால் எழுதி, அவர் டையை நோக்கி ஒரு அம்புக்குறியும் போட்டாள். இனி ஜென்மத்துக்கும் மறக்காது.

விஷயம் இதுதான். பெங்களூரில் ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஆசை என்று சொன்னால் சின்னதாகத் தெரியும். ப்ளஸ் ஒன்னில் அந்தக் கல்லூரியின் வெப்சைட்டில் நூலகத்தின் படத்தைப் பார்த்த நாளிலிருந்து, அந்தப் படத்தில் ஜன்னலோரமாகக் காலியாகக் கிடந்த நாற்காலி தனக்கென்று போட்டது என்றே நம்பிக்கொண்டிருந்தாள். அதற்கு நுழைவுத் தேர்வு உண்டு. நூறு கேள்வியில் நாற்பது சொற்களைப் பற்றியது, அதிலும் முக்கால்வாசி அட்ஜெக்டிவ். குரோம்பேட்டை கோச்சிங் சென்டரில் அறுநூறு அட்ஜெக்டிவ் அடங்கிய ஒரு லிஸ்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஜெரூஷா ராத்திரி முப்பது மனப்பாடம் பண்ணுவாள். காலையில் பல் விளக்கும்போது நாலு மிஞ்சும்.

வழி சொன்னவள் கோச்சிங்கில் பக்கத்தில் உட்காருகிற தேவதர்ஷினி.

“நீ ஏன்டீ அர்த்தத்தைப் படிக்கிற? ஆளைப் படி” என்றாள் அவள். “எங்க அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல நூத்திப் பத்துப் பேர். ஆளுக்கொரு வார்த்தை குடுத்துட்டேன். பெல்லிகோஸ்னா பி-பிளாக் பார்க்கிங் மாமா. எப்பப் பார்த்தாலும் சண்டைக்கு நிப்பாரு. பார்சிமோனியஸ்னா லிஃப்ட்டுக்கு மெயின்டனன்ஸ் குடுக்க மாட்டேங்கிற ரெண்டாவது மாடி ஆன்ட்டி. எக்ஸாம்ல வார்த்தையைப் பார்த்ததும் மூஞ்சி வந்து நிக்கும்.”

ஜெரூஷா இருந்தது தனி வீடு. ஆனால் அவளிடம் டைரக்டரி இருந்தது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சபையில் அச்சடித்துக் கொடுப்பார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள், குடும்பத்துக்கு ஒரு படம், விலாசம், போன் நம்பர், பிறந்த நாள், கல்யாண நாள். எல்லோரும் ஆலய ஹாலில் அதே நீலத் திரைச்சீலையின் முன்னால் நின்றிருப்பார்கள். வருடத்தில் ஒரு நாளும் டை கட்டாத அப்பாக்கள் அன்றைக்கு மட்டும் கட்டியிருப்பார்கள். அறுநூறு சொல்லுக்கு இதைவிட நல்ல நிலம் வேறு எங்கே கிடைக்கும்?

இரண்டு மாதத்தில் நூற்று முப்பத்தேழு சொற்களைக் குடியேற்றிவிட்டாள்.

ஆரம்பத்தில் விளையாட்டாகத்தான் இருந்தது. போகப் போக வேறு மாதிரி ஆயிற்று. ஒரு சொல்லை ஒருவர் மேல் வைக்க வேண்டுமானால் அவரைப் பார்க்க வேண்டியிருந்தது. பிறந்ததிலிருந்து ‘ஸ்தோத்திரம் அங்கிள், ஸ்தோத்திரம் ஆன்ட்டி’ என்று தாண்டிப் போன முகங்களை அவள் அதுவரை பார்த்ததே இல்லை. அப்பாதுரை அங்கிள் எதைக் கேட்டாலும் “ம்” என்பார் என்பது தெரியும். அந்த ‘ம்’மில் நாலைந்து வகை உண்டு என்பது, அவருக்கு ‘லாகோனிக்’ எழுதுகிற அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. கூடுவாஞ்சேரியிலிருந்து சத்யபிரியா அக்கா இரண்டு சின்னப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ரயிலேறி வருவாள். கணவர் இறந்து மூன்று வருடம். மூன்று வருடத்தில் ஒரு ஞாயிறும் அவள் ஆராதனைக்குத் தாமதமாக வந்ததில்லை. நடந்து வருகிற தூரத்தில் இருப்பவர்கள்தான் இரண்டாவது பாட்டுக்கு வந்து சேருவார்கள். அவள் கடைசி வரிசையில் உட்காருவாள், முடிந்ததும் போய்விடுவாள், யாரும் அவளோடு நின்று பேசியதாக ஞாபகமில்லை. அவளுக்கு எதை எழுதுவது என்று ஜெரூஷா ஒரு வாரம் யோசித்தாள். பொறுமைக்கான ‘பேஷன்ட்’ சாதுவாக இருந்தது. விழுந்தாலும் எழுகிற ‘ரெசிலியன்ட்’ விளம்பரம் மாதிரி இருந்தது. கடைசியில் ‘இன்டாமிட்டபிள்’ என்று எழுதினாள். யாராலும் எதனாலும் அடக்க முடியாத. எழுதியபோது சும்மா ஒரு கூச்சம், யாருக்கோ பரிசு வாங்கி ஒளித்து வைத்ததைப் போல.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்புக் காலத்தின் இரண்டாவது புதன்கிழமை. கோச்சிங் முடிந்து வந்தால் மேஜை மேல் டைரக்டரி இல்லை.

“அம்மா, டைரக்டரி எங்க?”

அம்மா புஷ்பம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எட்டாம் வகுப்பு விடைத்தாள்களில் மூழ்கியிருந்தாள். “செல்வமேரி ஆன்ட்டி வாங்கிட்டுப் போனாங்க. பொழிச்சலூர் ஏரியாவுக்கு லெந்து வீட்டு ஜெபம் லிஸ்ட் போடணுமாம். அவங்களோடது தண்ணி பட்டு ஒட்டிக்கிச்சாம்.”

“செல்வமேரி ஆன்ட்டியா?”

“ஏன், அவங்களுக்கென்ன?”

அவங்களுக்கு ‘கேருலஸ்’. ஓயாமல் தொணதொணக்கிற. இருபத்திரண்டாம் பக்கம், அம்புக்குறியோடு.

“அம்மா, நீ அதைத் திறந்து பார்த்தியா?”

“நான் ஏன்டி திறக்கிறேன்? எனக்கு நூத்திப் பத்துப் பேப்பர் கெடக்கு.” அம்மா தலையைத் தூக்கினாள். இருபது வருடமாகப் பிள்ளைகள் பொய் சொல்லும் முகத்தைப் பார்த்துப் பழகிய கண். “அதுல என்ன எழுதி வெச்சிருக்க?”

ஜெரூஷா சொன்னாள். அம்மா சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தாள். “பென்சில்லயா?”

“பேனால.”

“ஏசப்பா” என்றாள் அம்மா.

ஆறே முக்காலுக்கு அம்மாவின் போன் முதல்முறை சிணுங்கியது. பெண்கள் ஐக்கிய சங்கத்தின் வாட்ஸ்அப் குரூப். செல்வமேரி ஆன்ட்டி டைரக்டரியில் தன் பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டு, கீழே ஒரு வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாள். தான் அதிகம் பேசுகிறவள் இல்லை என்று அதில் சொல்லியிருந்தாள். நாலு நிமிடம் முப்பது விநாடி.

அப்புறம் அடைமழைதான். பொழிச்சலூர்க்காரர்கள் ஆன்ட்டி வீட்டுக்கே போய்ப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துப் போட்டார்கள். யார் வீட்டுப் பிள்ளைக்கு இங்கிலீஷ் நன்றாக வருமோ அந்தப் பிள்ளைக்கு அன்று டிவி பார்க்க முடியாமல் போயிற்று. அப்பாதுரை அங்கிளின் மனைவி எழுதினாள்: “லாகோனிக் = ரொம்பச் சுருக்கமாகப் பேசுகிற. முப்பத்தோரு வருஷமா நான் தேடின வார்த்தை. அவர்கிட்ட காட்டினேன். ‘ம்’னார்.” பாடகர் குழுவில் ஓங்கிப் பாடுகிற பிரிட்டோவுக்கு ‘ஆஸ்டென்டேஷியஸ்’, ஊர் பார்க்கப் படம் காட்டுகிற. அர்த்தம் பார்க்காமலே அவன் அக்காவிடம், “பேரு இன்னா கெத்தாக் கீது!” என்றானாம். அர்த்தம் தெரிந்த பிறகும் அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ளவில்லையாம்.

சிலருக்குக் கோபம் வந்தது. “ஸண்டே ஸ்கூல்ல இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?” என்று ஒருத்தி கேட்டாள். ஆனால் கோபத்திலெல்லாம் பெரிய கோபம், படத்துக்குக் கீழே எதுவும் எழுதப்படாத எழுபத்தைந்து குடும்பத்தாரிடமிருந்து வந்தது. “நாங்க இந்தச் சபைக்கு வந்து இருபது வருஷம். எங்களைப் பார்த்து அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தோணலியா? ஒரு வார்த்தைகூடவா?”

எட்டு மணிக்குப் பதினேழாம் பக்கம் வந்து விழுந்தது. குரூப் அப்படியே அமைதியானது. ரொம்ப நேரம் கழித்து ஒரே ஒரு தம்ஸ்-அப் விழுந்தது. ஒரு நிமிடத்தில் அதையும் காணோம்.

“அசரியா அண்ணனா?” அம்மாவின் குரல் இறங்கிப் போயிருந்தது. “ஜெரூ, உன் லெட்டர்ல அவர்தானே கையெழுத்துப் போடணும்?”

ஜெரூஷாவும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கல்லூரியில் பொது வரிசையில் பன்னிரண்டே இடம். இந்தியா முழுவதற்கும் பன்னிரண்டு. திருச்சபை நடத்துகிற கல்லூரி என்பதால், சபை அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொரு இருபது. அந்த இருபதில் நிற்க வேண்டுமானால் ஆயரும் செயலாளரும் கையெழுத்துப் போட்ட சபைக் கடிதம் வேண்டும். ஆயர் போட்டுவிட்டார். கடிதம் செயலாளரின் மேஜையில் இருக்கிறது. திங்கட்கிழமைக்குள் அப்லோட் பண்ண வேண்டும்.

டைரக்டரி மறுநாள் சாயங்காலம் திரும்பி வந்தது, முனையெல்லாம் மடங்கி, ஒரே நாளில் பத்து வருடம் மூத்துப்போய். அம்மா அதை வாங்கி நேராகத் தங்கள் பக்கத்தைத் திருப்பினாள். நீலத் திரைச்சீலை. ஆபேல், புஷ்பம், ஜெரூஷா. அப்பாவுக்கு நேராக ‘அஃபபிள்’ என்று இருந்தது, எல்லோரிடமும் இனிமையாகப் பழகுகிற. அம்மாவுக்கு நேராக மூன்று சொற்கள். மூன்றும் அடிக்கப்பட்டிருந்தன.

“இதென்ன, எனக்கு மட்டும் அடிச்சு வெச்சிருக்க?”

“ஒண்ணும் சரியா வரலம்மா.”

“மூணும் நல்ல வார்த்தையா, கெட்ட வார்த்தையா?”

“ஒண்ணு நல்லது. ஒண்ணு கெட்டது. ஒண்ணு ரெண்டும்.”

அம்மா அந்த மூன்று அடித்தல்களையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எது எது என்று கேட்கவில்லை. திட்டவும் இல்லை. “சனிக்கிழமை நானும் வரேன்” என்றாள்.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு ஆலய அலுவலகத்தில் அசரியா அங்கிள் தனியாக இருந்தார். மேஜையில் ரசீதுப் புத்தகங்கள், முத்திரை, பேப்பர்வெயிட்டுக்கு அடியில் அவளுடைய கடிதம். ஆயரின் கையெழுத்து தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் வெறும் கோடு.

“உக்காரும்மா. புஷ்பம், நீயும் உக்காரு.”

கத்துவார் என்று ஜெரூஷா எதிர்பார்த்து வந்திருந்தாள். கத்தினால் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பவும் துடைத்தார்.

“மூணு டிக்‌ஷனரி பார்த்தேன். மூணுலயும் ஒரே மாதிரிதான் போட்டிருக்கு” என்றார். மைக் இல்லாத அவர் குரல் இவ்வளவு சாதாரணமாக இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. “எதைப் பார்த்து எனக்கு அதை எழுதின? சும்மா சொல்லு.”

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தன் மடியில் இருந்த கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஜெபத்தப்போ நீங்க ஒரு கண்ணைத் திறந்து பார்ப்பீங்க, அங்கிள். யார் யார் கண்ணை மூடலைன்னு பார்க்கறீங்கன்னு நெனச்சேன்.”

“அப்ப நீயும் மூடலை.”

“இல்ல.”

அவர் சிரித்துவிடுவார் போல இருந்தது. சிரிக்கவில்லை. “போன வருஷம் நம்ம பொன்னுசாமி மயங்கி விழுந்தாரே, ஞாபகமிருக்கா? மணி அடிக்கிறவர். சுகர். ஜெபம் நடந்துகிட்டிருந்தது. எல்லாரும் கண்ணை மூடியிருந்தோம். ஆமென் சொல்லித் திறந்து பார்த்தா, மனுஷன் வாசல் படியில கெடக்கிறார். எவ்வளவு நேரமாக் கெடந்தாரோ. அன்னிலேர்ந்து நான் ஒரு கண்ணை அவர் மேலயே வெச்சிருப்பேன். யார்கிட்டயும் சொன்னதில்ல.”

வாசல் பக்கம் மணிக்கயிற்றின் அடியில் நிற்கிற பொன்னுசாமியை ஜெரூஷா வாரா வாரம் தாண்டித்தான் போகிறாள். அவருக்குச் சொல் எதுவும் எழுதவில்லை, ஏனென்றால் அவர் படம் டைரக்டரியில் கிடையாது. அசரியா அங்கிளின் கண் திறந்திருந்ததைப் பார்த்தாள். அந்தக் கண் போய் நின்ற இடத்தைப் பார்க்கவில்லை. அவ்வளவு பக்கத்தில் இருந்தும்.

ஆனால் அந்த ‘அன்பின்’? அந்த இழுப்பு? அது பொய்யில்லையே. ஒரே மனிதருக்குள் இரண்டும் இருந்தன. ஒரே சொல்லில் அவர் அடங்கவில்லை.

“ஸாரி அங்கிள்” என்றாள். ஒப்புக்குச் சொல்லவில்லை. “நான் தப்பா எழுதிட்டேன். எல்லார் முன்னாடியும் வேணும்னாலும் சொல்றேன்.”

“அங்கதான் சிக்கல்.” அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மாட்டியதும் பழைய செயலாளர் ஆகிவிட்டார். “எனக்கு எழுதினது தப்புன்னு நீ சொன்னா, மத்தவங்களுக்கு எழுதினதெல்லாம் சரின்னு ஆயிடும். இப்பவே செல்வமேரி பேச மாட்டேங்கிறா. அவ பேசலைன்னா என்னா அர்த்தம், யோசிச்சுப் பாரு. அதனால நாளைக்கு அறிவிப்பு நேரத்துல உன்னைக் கூப்பிடுவேன். வந்து ஒரே வரி சொல்லிடு. ‘பரீட்சைக்காகப் பக்கத்துக்கு ஒரு வார்த்தைன்னு வரிசையா எழுதினேன். யாரையும் பார்த்து, யாரையும் நெனச்சு எழுதலை.’ அவ்வளவுதான். சபைக்கும் நிம்மதி, உனக்கும் நிம்மதி.” பேப்பர்வெயிட்டை நகர்த்திக் கடிதத்தை எடுத்து முன்னால் வைத்தார். பேனா மூடியைத் திறந்தார். “சொல்லிடுவேல்ல?”

அப்படி ஒன்றும் பெரிய பொய் இல்லை. பொய் என்றுகூட யாரும் சொல்ல மாட்டார்கள். ஜன்னலோரத்து நாற்காலிக்கு இந்த ஒரு வரியைக் கொடுத்தால் போதும்.

வரும் வழியில் ஆட்டோவில் அவள் போனைப் பார்த்துக்கொண்டே வந்திருந்தாள். சத்யபிரியா அக்கா குரூப்பில் ஒன்றுமே எழுதவில்லை. ஆனால் புதன்கிழமை ராத்திரியிலிருந்து அவள் ஸ்டேட்டஸில் ஒரே வார்த்தை, பெரிய எழுத்தில். இருபத்து நாலு மணி நேரத்தில் ஸ்டேட்டஸ் மறைந்துவிடும். மறைய மறைய அவள் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தாள். இன்டாமிட்டபிள். இன்று காலையும் போட்டிருந்தாள்.

யாரையும் பார்த்து எழுதவில்லை என்று நாளைக்கு மைக்கில் சொன்னால், கடைசி வரிசையில் அவளும் கேட்டுக்கொண்டிருப்பாள். பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு ரயிலேறிப் போவாள். அந்த ஸ்டேட்டஸை மறுபடி போட மாட்டாள்.

அம்மா இன்னும் தலையைத் தூக்கவில்லை. ஆனால் கைப்பையின் ஜிப்போடு விளையாடிக்கொண்டிருந்த விரல் நின்றிருந்தது.

“அங்கிள்” என்றாள் ஜெரூஷா. “உங்களைத் தப்பாப் பார்த்தேன்னு நாளைக்குச் சொல்றேன். இன்னும் எத்தனை பேரைத் தப்பாப் பார்த்திருக்கேனோ, அதையும் சொல்றேன். பார்க்காம எழுதினேன்னு மட்டும் நான் சொல்ல மாட்டேன்.”